விசில் ஊத ஆளில்லை

2020 ஆகஸ்ட் தொடக்கத்தில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் நடுவர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. எதிரணி வீரர் முகத்திலோ நடுவர் முகத்திலோ, மிக அருகில் நின்று, வேண்டுமென்றே ஒருவர் இருமினால் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டலாம். அவமதிக்கும் சொல், சைகை என்று விதிப்புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கும் குற்றத்தின் கீழ் அது வரும். அவ்வளவு கடுமையாக இல்லாவிட்டால் மஞ்சள் அட்டை போதும். இயல்பாக வரும் இருமலைத் தண்டிக்கப் போகவேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார்கள். தொழில்முறை ஆட்டம் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பூங்கா ஆட்டம் வரை எல்லா நிலைகளுக்கும் இது உடனடியாகப் பொருந்தும்.

இருமலுக்குச் சிவப்பு அட்டை என்றால் முதலில் சிரிப்பு வரும். அதைக் காட்டவேண்டியவர் யார் என்று பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். இங்கிலாந்தில் 14 வயதானால் நடுவர் பயிற்சியில் சேரலாம், அமெரிக்காவில் 13. சிறுவர் ஆட்டங்களில் விசிலோடு நடுவில் நிற்பவர் பலசமயம் பள்ளிப் பிள்ளை. இல்லையென்றால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் நடுவருக்குக் காதில் கருவி, இரண்டு துணை நடுவர்கள், நான்காம் நடுவர், காணொளி உதவி எல்லாம் உண்டு. பூங்கா நடுவரிடம் இருப்பது ஒரு விசில், இரண்டு அட்டைகள், ஒரு கைக்கடிகாரம். ஒரு பையன் இன்னொரு பையன் முகத்தில் இருமியது வேண்டுமென்றா தற்செயலா என்பதைக் கோட்டோரம் பெற்றோர் நாற்பது பேர் பார்த்திருக்க அவர் தனியாளாகத் தீர்மானிக்க வேண்டும்.

பெருந்தொற்றுக் காலக் கால்பந்து என்றாலே ஆளில்லா அரங்கங்களும், 2020 மே 8 அன்று தற்காலிகமாக அனுமதிக்கப்பட்ட ஐந்து மாற்று வீரர் விதியும், ஓராண்டு தள்ளிப்போன ஐரோப்பியக் கோப்பையும்தான் நினைவுக்கு வருகின்றன. கடைசிப் படியில் நிற்கும் நடுவர்களைப் பற்றி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பேச்சு எழுந்தது பிறகுதான்; ஆட்டத்துக்கு நாள் குறித்து, மைதானமும் பிடித்து, அணிகளும் வந்துசேர்ந்து, விசில் ஊத மட்டும் ஆள் கிடைக்காமல் போனபோது. கொரோனாவுக்குப் பயந்து நடுவர்கள் விலகிவிட்டார்கள் என்று அப்போது ஒரு விளக்கம் சுற்றியது. அதில் பாதிதான் உண்மை என்பது என் கணிப்பு. நோய்ப் பயம் சிலரை வீட்டில் உட்காரவைத்தது. மற்றவர்களுக்குக் கொரோனா கொடுத்தது, பல ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு சனிக்கிழமை ஓய்வு. திரும்பிப் போகத்தான் வேண்டுமா என்று யோசிக்க அவர்களுக்கு அப்போதுதான் அவகாசம் கிடைத்தது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சிறுவர் கால்பந்து பெருந்தொழில். பல குடும்பங்கள் ஒரு பிள்ளையின் கிளப் கட்டணம், பயணம், விடுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவிடுகின்றன. அந்தத் தொழில் ஓடுவதற்கு வாரந்தோறும் ஆயிரமாயிரம் நடுவர்கள் வேண்டும். அவர்கள் யாருக்கும் ஊழியர்கள் கிடையாது, சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. எட்டு வயதுக் குழந்தைகளின் சிறு ஆட்டத்துக்குக் கிடைப்பது குறைவு, பதினெட்டு, பத்தொன்பது வயதினர் ஆடும் முழு நேர ஆட்டத்தில் நடு நடுவருக்குக் கிடைப்பது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. எந்த ஆட்டத்துக்கு யார் என்று ஒதுக்கித் தர ஒவ்வொரு லீக்கிலும் ஓர் ஆள் இருப்பார். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இதிலிருந்து விலக ராஜினாமாக் கடிதம் தேவையில்லை. அடுத்த ஆண்டு புதுப்பிக்காமல் விட்டால் போதும். பெருந்தொற்று கொண்டுவந்த விலகல் அதனால்தான் சத்தமில்லாமல் நடந்தது. புதிய பருவத்துக்கு ஆட்டங்களை ஒதுக்க உட்கார்ந்தபோதுதான் பட்டியல் மெலிந்திருப்பது தெரிந்தது.

2020 மார்ச் 12 அன்று அமெரிக்கத் தொழில்முறை லீக் ஆட்டத்தை நிறுத்தியது. அதையொட்டிச் சில நாட்களுக்குள் சிறுவர் லீக்குகளும் மூடப்பட்டன. இங்கிலாந்தில் மறுநாள் தொழில்முறை ஆட்டங்கள் நின்றன. அடுத்த சில நாட்களில் அடித்தள ஆட்டங்களும் நின்றன. மார்ச் 26 அன்று, கீழ்நிலை லீக்குகளின் அந்தப் பருவ முடிவுகளையே அழித்துவிடுவதாக இங்கிலாந்துச் சங்கம் அறிவித்தது. ஆகஸ்டு முதல் மார்ச் வரை எத்தனையோ நடுவர்கள் மழையில் நனைந்து, திட்டு வாங்கி, எழுதிக் கொடுத்த அறிக்கைகளுக்கு உரிய ஆட்டங்கள் கணக்கில் இல்லாமல் போயின.

கூலி நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவர் வேலையை மட்டும் நம்பி வாழ்பவர் குறைவு. ஆனால் ஓய்வூதியத்தோடு இதைச் சேர்த்து வண்டிக் கடன் கட்டியவர்கள் உண்டு; கல்லூரிச் செலவுக்கு இதையே நம்பிய மாணவர்கள் உண்டு. சாதாரணமாக அமெரிக்காவில் ஒப்பந்தக்காரருக்கு வேலையிழப்பு உதவித்தொகை கிடைக்காது. 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான நிவாரணச் சட்டம், சுயதொழில் செய்பவர்களுக்கும் தற்காலிக உதவியைத் திறந்துவிட்டது. பள்ளி, கல்லூரி, கிளப் என்று எல்லா ஆட்டத்துக்கும் ஓடி வாழ்ந்த முழுநேர நடுவர்களுக்கு அது கைகொடுக்கக்கூடிய வழி. பதினைந்து வயதுப் பிள்ளையின் சனிக்கிழமைச் சம்பாத்தியத்துக்கு அப்படி யார் கணக்குப் பார்ப்பார்கள்?

ஆட்டம் திரும்பியது ஒரே நாளில் நடக்கவில்லை. இங்கிலாந்தில் 2020 ஜூலையில் பயிற்சிக்கும் பிறகு போட்டிகளுக்கும் அனுமதி கிடைத்தது. நவம்பர் 5 அன்று மறுபடி மூடினார்கள், டிசம்பர் தொடக்கத்தில் திறந்தார்கள், 2021 ஜனவரியில் மூன்றாம் முறை மூடினார்கள், மார்ச் 29 அன்று திறந்தார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம். தெற்கிலும் மலை மாநிலங்களிலும் பல இடங்களில் கோடையிலேயே ஆட்டம் தொடங்கிவிட்டது. கலிபோர்னியாவில் உடல் உரசும் வெளிப்புற விளையாட்டுகளுக்கு 2021 பிப்ரவரி 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் நோய்ப்பரவல் குறைந்த மாவட்டங்களில்தான். இடைப்பட்ட காலத்தில் கலிபோர்னியாவின் கிளப் அணிகள் பல, பக்கத்து அரிசோனாவுக்குப் போய்ப் போட்டிகளில் ஆடின. பெற்றோர் வண்டி ஓட்டினார்கள், பிள்ளைகள் ஆடினார்கள். உள்ளூர் நடுவருக்கு மட்டும் அதில் வேலை இல்லை.

திரும்பிவந்த நடுவர் சந்தித்த முதல் சிக்கல், அவருடைய தொழில்கருவியே. பெரியவர்கள் ஆட்டம் ஒன்றில் பல கிலோமீட்டர் ஓடும் ஒருவர், மூச்சிரைக்கும் நிலையில் நெஞ்சுக் காற்றை முழுதும் திரட்டி ஒரு குழலில் ஊதுகிறார், அதுவும் வீரர்கள் சுற்றி நிற்கும்போது. எச்சில் துளியால் பரவும் நோய்க்கு இதைவிட வசதி செய்துகொடுக்க முடியாது. முகக்கவசம் போட்டால் ஊத முடியாது. ஊதவேண்டுமானால் ஒவ்வொரு முறையும் கவசத்தை இறக்க வேண்டும், அதற்குள் ஃபவுல் நடந்து பந்து அடுத்த முனைக்குப் போயிருக்கும். சிலர் விசிலைச் சுற்றிச் சிறு பை கட்டிக்கொண்டார்கள். சிலர் வீரர்களுக்கு முதுகைக் காட்டி ஊதினார்கள். பலர் கையில் அடங்கும் மின்னணு விசிலுக்கு மாறினார்கள்.

விசில் செய்வதில் பெயர்பெற்ற ஃபாக்ஸ் 40 நிறுவனத்தின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. கனடாவின் ஹாமில்டன் நகரத்தைச் சேர்ந்த ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் கூடைப்பந்து நடுவர். 1984இல் பிரேசிலில் ஒரு முக்கிய ஆட்டத்தில் அவருடைய விசிலுக்குள் இருந்த சிறு உருண்டை சிக்கிக்கொண்டு ஓசை வராமல் போனது. உருண்டையே இல்லாத விசில் ஒன்றைச் செய்யவைத்து 1987 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் நடுவர்கள் கழுத்தில் தொங்குவது பெரும்பாலும் அந்த வகைதான். விசில் ஊதமுடியாமல் போன நடுவர் ஒருவர் தொடங்கிய நிறுவனம், முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, ஊதவே தேவையில்லாத மின்னணு விசிலையும் விற்றது.

ஆனால் பொத்தானை அழுத்தும் விசிலுக்கு ஒரே குரல். தேர்ந்த நடுவர் விசிலால் பேசுவார். பந்து கோட்டைத் தாண்டியதற்குச் சின்னதாக ஒரு கீச்சு, சாதாரண ஃபவுலுக்கு நடுத்தரமாக ஒன்று, பெனால்டிக்கோ ஆபத்தான உதைக்கோ நீளமாக, ஓங்கி. அந்த ஓசையைக் கேட்டே வீரர்களுக்கு நடுவரின் மனநிலை புரிந்துவிடும். பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும். மின்னணு விசிலில் எல்லாக் குற்றமும் ஒரே குற்றம். பக்கத்துப் பக்கத்தில் நான்கு ஆட்டங்கள் நடக்கும் பெரிய மைதானங்களில், எந்த விசில் எந்த ஆட்டத்துக்கு என்ற குழப்பமும் சேர்ந்துகொண்டது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். புதிதாக வந்த ஒரு பிள்ளைக்கு ஆட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருக்க இருந்த முதல் ஆயுதம் மழுங்கிப்போனது என்று பார்த்தால் அவ்வளவு சின்னதில்லை.

அடுத்தது விதிகள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2020 இலையுதிர்காலப் பள்ளி ஆட்டங்களுக்கு எழுதப்பட்ட மாற்று விதிகளைப் படித்தால் அது கால்பந்துதானா என்ற ஐயமே வரும். தலையால் பந்தை முட்டக்கூடாது. சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கக்கூடாது. தோளோடு தோள் இடிக்கக்கூடாது. த்ரோ-இன் இல்லை, அதற்குப் பதில் காலால் உதைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். பந்து நிற்கும் நேரங்களில் வீரர்களுக்கு இடையே ஆறடி. எல்லோருக்கும் முகக்கவசம்.

நியாயமான தோள் இடிக்கும் தள்ளிவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பிரித்தறியத்தான் ஒரு நடுவர் வருடக்கணக்கில் பழகுகிறார். 2020இல் இரண்டுக்கும் ஒரே விசில். ஆறு வயதிலிருந்து தோளைக் கொடுத்துப் பந்தைக் காக்கப் பழகிய பதினேழு வயதுப் பெண், அனிச்சையாக அதையே செய்வாள்; நடுவர் ஊதவேண்டும். உயரமாக வரும் பந்துக்குத் தலை தானாக எழும், நடுவர் ஊதவேண்டும். ஆட்டம் நிமிடத்துக்கு நிமிடம் நின்றது. விதியை எழுதியவர்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். அவர்கள்மேல் வந்த எரிச்சலை வாங்கிக்கொள்ள நடுவர்தான் மைதானத்தில் இருந்தார். இன்னொரு வினாவும் இருந்தது: கோட்டோரம் நிற்கும் பெற்றோர் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டால் யார் கேட்பது? அது நடுவர் வேலையில்லை, கிளப்பின் பொறுப்பு என்று சொன்ன சங்கங்கள் இருந்தன. நடைமுறையில், சீருடை போட்டவர் யாரோ அவரைப் பார்த்துத்தான் இரண்டு தரப்பும் கத்தும். கவசம் போடச் சொன்னால் ஒருவர் சண்டைக்கு வருவார், சொல்லாவிட்டால் வேறொருவர் வருவார். அமெரிக்காவில் கவசம் அப்போது அரசியல் கட்சிக்கொடி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

இத்தனை தொல்லைக்கும் நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. என் வாதத்துக்கு அதுதான் அச்சாணி. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். 2020இல் கொஞ்ச காலத்துக்கு ஒரு மூடி கிடைத்தது. பல லீக்குகள் பார்வையாளர்களைத் தடுத்தன, அல்லது பிள்ளைக்கு ஒரு பெற்றோர் என்று கட்டுப்படுத்தின. இங்கிலாந்தில் 2021 மார்ச் இறுதியில் ஆட்டம் திறந்தபோதும், பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. சிறுவரைக் கவனித்துக்கொள்ள வேண்டிய பெரியவர்களுக்குத்தான் விலக்கு.

கூட்டத்தின் சத்தம் நடுவரை என்ன செய்கிறது என்ற கேள்வி பழையது. 2002இல் ஆலன் நெவில் உள்ளிட்ட பிரிட்டன் ஆய்வாளர்கள் 40 நடுவர்களை உட்காரவைத்து, லிவர்பூல், லெஸ்டர் அணிகள் ஆடிய ஆட்டமொன்றின் காட்சிகளைக் காட்டினார்கள். பாதிப் பேருக்கு ரசிகர் கூச்சலோடு, பாதிப் பேருக்கு ஓசையின்றி. கூச்சலைக் கேட்டவர்கள் சொந்த மைதான அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 விழுக்காடு குறைவு. ஆய்வறைக்குள் பார்த்ததை உண்மை மைதானங்களில் பெரிய அளவில் சோதிக்க யாராலும் முடியவில்லை. உலகின் அரங்கங்களை எல்லாம் காலி செய்ய எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் உண்டு?

கிருமிக்கு அந்த அதிகாரம் இருந்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேன் மெக்காரிக்கும் சக ஆய்வாளர்களும் 11 நாடுகளின் 15 லீக்குகளில் நடந்த 4,844 ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, ரசிகர் இருந்த ஆட்டங்களையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டார்கள். ரசிகர் இல்லாதபோது சொந்த மைதானத்தின் சாதகம் வெகுவாகச் சுருங்கியது. வெளியூர் அணிக்கு எதிரான நடுவர் தண்டனைகளும் குறைந்தன. ஆஸ்திரியாவில் மைக்கேல் லைட்னரும் ஃபாபியோ ரிச்லானும் இன்னும் நுணுக்கமாக, சால்ஸ்பர்க் அணியின் ஆட்டங்களைக் காட்சிக்குக் காட்சி பிரித்துப் பார்த்தார்கள். ரசிகர் இல்லாத ஆட்டங்களில் வாக்குவாதம், சச்சரவு போன்ற உணர்ச்சிக் கொதிப்புத் தருணங்கள் 19.5 விழுக்காடு குறைவு. நடுவர்கள் அந்தச் சச்சரவுகளில் சிக்கியதும் குறைவு. ஆடியவர்கள் அதே ஆட்கள், விதிகளும் அவையே. மேடைக்கு எதிரே ஆள் இல்லாதபோது கோபத்தைக் காட்டும் அவசியமும் குறைந்துவிட்டது.

இவை தொழில்முறை ஆட்டங்கள். சிறுவர் ஆட்டத்துக்கு இதை அப்படியே தூக்கிவந்து பொருத்தக்கூடாது என்று ஒருவர் சொல்லலாம், சரிதான். ஆனால் வேறுபாடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அரங்கத்தில் நாற்பதாயிரம் பேர் கத்தினால் அது இரைச்சல்; தனிக்குரல் எதுவும் காதில் விழாது. நடுவர் முப்பது ஆண்டு அனுபவசாலி, போவதற்குக் காவலர் சூழ்ந்த பாதையும் உண்டு. பூங்காவில் நாற்பது பேர்தான். ஆனால் இரண்டு மீட்டர் தூரத்தில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, சிலசமயம் பேர் சொல்லி. கேட்பவருக்கு வயது பதினான்கு. ஆட்டம் முடிந்ததும் அந்த நாற்பது பேரைக் கடந்துதான் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகவேண்டும். பழைய நடுவர்களுக்கு இதெல்லாம் மரத்துப் போயிருந்தது. சத்தமில்லாத சில மாதங்களுக்குப் பிறகு அது மறுபடி காதில் விழுந்தபோது, இதைத்தான் இத்தனை நாள் சகித்தோமா என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

யார் யார் போனார்கள் என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் தேசிய விளையாட்டு நடுவர் சங்கம் 2017இல் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து 17,000க்கும் மேற்பட்ட நடுவர்களிடம் ஒரு கணிப்பு நடத்தியது. அதில் பங்கெடுத்தவர்களின் சராசரி வயது 53. அறுபதைத் தாண்டியவர்கள் நிறைய என்பது இதிலிருந்தே தெரியும். கொரோனா எந்த வயதினரைக் கொல்லும் என்று 2020இல் மருத்துவர்கள் எச்சரித்தார்களோ, அந்த வயதினர்தான் விசில் பிடித்தவர்களில் கணிசமானவர்கள். அவர்கள் ஒதுங்கியதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. முழங்கால் தேய்ந்து, எப்படியும் இரண்டு மூன்று ஆண்டில் நிறுத்தியிருக்கக்கூடியவர்கள், 2020இலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

மறுமுனையில் புதியவர்கள் வரவில்லை. புதிய நடுவருக்கான வகுப்புகள் வசந்தகாலத்தில் நிறைய நடக்கும். 2020இன் வசந்தம் முழுக்கப் போனது. பாடத்தை இணையத்துக்கு மாற்றினார்கள், அது எளிது. மைதானத்தில் கொடி எந்தக் கையில், ஆஃப்சைடு கோட்டோடு எப்படிப் பக்கவாட்டில் ஓடுவது, பெனால்டிக்கு எங்கே நிற்பது என்பதைத் திரையில் கற்பது நீச்சலைத் திரையில் கற்பது போலத்தான். சேர்ந்தவர்களுக்கும் ஆடுகளம் கிடைக்க மாதக்கணக்கில் ஆனது. ஆர்வம் ஆறிப்போக அது போதும்.

இந்த இரண்டு இழப்புகளும் தனித்தனி கிடையாது. புதிதாக வரும் பிள்ளைக்குத் துணை நடுவராகக் கொடி பிடிக்கவைத்து, இடைவேளையில் தப்பைச் சொல்லித் திருத்தி, கத்தும் பயிற்சியாளர் பக்கம் தானே நடந்துபோய் அவரை அடக்கிவைத்தவர் அந்த அறுபது வயதுக்காரர்தான். அவர் போனதும், 2021இல் வந்த பிள்ளைக்குக் கேடயமும் இல்லை, ஆசானும் இல்லை. மூன்று நடுவர் வேண்டிய ஆட்டத்துக்கு ஒருவர் என்று ஆனபோது, கொடியோடு கற்கும் படியே நீங்கிப்போனது. நேராக நடுவில் விசிலோடு நிற்க வேண்டியதுதான்.

எஞ்சிய நடுத்தர வயதுக்காரர்கள்மேல் எல்லாப் பாரமும் விழுந்தது. அதற்கென்றே நாட்காட்டியும் சதி செய்தது. இலினாய் மாநிலம் 2020 இலையுதிர்காலத்துப் பள்ளிச் சிறுவர் கால்பந்தை 2021 வசந்தத்துக்குத் தள்ளியது. கலிபோர்னியாவில் குளிர்காலப் பள்ளிக் கால்பந்தும் அதே வசந்தத்துக்கு நகர்ந்தது. கிளப் லீக்குகளும், நின்றுபோன போட்டிகளும் அப்போதுதான் முழுவேகத்தில் திரும்பின. ஆள் குறைந்த நேரத்தில் வேலை இரட்டித்தது. ஒரே நாளில் நான்கு, ஐந்து ஆட்டங்கள் என்று ஓடும் நடுவருக்குக் கடைசி ஆட்டத்தில் கால் எட்டாது. தூரத்திலிருந்து முடிவு சொல்வார், தப்பும் வரும், கூச்சல் கூடும், அவரும் அடுத்த ஆண்டு புதுப்பிக்கமாட்டார். 2018-19க்குப் பிறகு எல்லா விளையாட்டிலும் சேர்த்து ஏறத்தாழ 50,000 நடுவர்கள் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களை விட்டுப் போய்விட்டதாக அமெரிக்கப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 2022இல் சொன்னது.

பெற்றோர் திரும்பி வந்தபோது முன்பைவிட மோசமாக வந்தார்களா? அப்படித்தான் எண்கள் காட்டுகின்றன, ஆனால் எண்களைக் கவனமாகப் படிக்கவேண்டும். 2017 கணிப்பில் விளையாட்டு நாகரிகம் கெட்டுவருகிறது என்றவர்கள் 57 விழுக்காடு. அதே சங்கம் 2023இல் 35,000க்கு மேற்பட்டோரிடம் கேட்டபோது ஏறத்தாழ 69. இங்கிலாந்தில் பிபிசி வானொலி 2023இல் அடித்தள நடுவர்களிடம் கேட்டதற்கு 927 பேர் பதில் தந்தார்கள். 908 பேர் வசை வாங்கியவர்கள், 293 பேர்மேல் கை பட்டிருக்கிறது. அடிபட்டவர்தான் இத்தகைய கணிப்புக்கு முந்திவந்து பதில் சொல்வார் என்பதால், மூன்றில் ஒரு நடுவர் அடிவாங்குகிறார் என்று இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. ஜெர்மனியின் கணக்கு இன்னும் உறுதியானது, ஏனெனில் அது ஆட்ட அறிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்டது. வன்முறையாலோ பாகுபாட்டாலோ பாதியில் நிறுத்தப்பட்ட அமெச்சூர் ஆட்டங்கள் 2021-22 பருவத்தில் 911. அடுத்த பருவத்தில் 961. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களில் ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லைதான். ஆனால் கணக்கு எடுக்கத் தொடங்கிய பிறகு அதுவரை காணாத எண்ணிக்கை. வார இறுதிக்கு ஏறத்தாழ இருபது ஆட்டங்கள்.

இதற்கெல்லாம் கொரோனாவைக் காரணம் காட்டுவது வசதியானது. அடைந்து கிடந்த மன அழுத்தம், வெளியே வந்ததும் வெடித்தது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில், மகன் ஆடிய ஆட்டத்துக்குக் கொடி பிடிக்க வந்த தந்தை ஒருவரைப் பதின்ம வயது வீரர்கள் உதைத்துக் கொன்றபோது கொரோனா இல்லை. 2013இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மஞ்சள் அட்டை வாங்கிய 17 வயதுப் பையன் குத்தியதில் நடுவர் ஒருவர் இறந்தபோதும், மறு ஆண்டு மிச்சிகனில் இன்னொரு நடுவர் அதேபோல் இறந்தபோதும் கொரோனா இல்லை. இங்கிலாந்துச் சங்கம் நடுவருக்கு மரியாதை கோரித் தனி இயக்கம் தொடங்கியது 2008இல். முணுமுணுக்கும் வீரரைப் பத்து நிமிடம் வெளியே உட்காரவைக்கும் முறையை 31 லீக்குகளில் சோதித்து, வாக்குவாதம் 38 விழுக்காடு குறைந்ததைக் கண்டு, அடித்தள ஆட்டம் முழுவதற்கும் கொண்டுவந்தது 2019-20 பருவத்தில். அந்த நல்ல மருந்துக்கு முதல் பருவமே முழுதாக வாய்க்கவில்லை.

நோய் முன்பே இருந்தது. நடுவர்கள் பழக்கத்தால் அதோடு வாழ்ந்துவந்தார்கள். இந்த வேலையில் பணம் ஆளை இருத்திவைப்பதில்லை. சனிக்கிழமை காலை எழுந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் வழக்கம்தான் இருத்தியது. அந்த வழக்கம் ஒரு வருடம் அறுந்தால் பலருக்கு அது மறுபடி ஒட்டுவதில்லை. தொற்று நோயின் பெரிய பாதிப்பு அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் 2023 பிப்ரவரியில் நடுவரின் மார்பில் கேமரா கட்டும் சோதனை மிடில்ஸ்பரோவில் தொடங்கி மற்ற சில பகுதிகளுக்கும் போனது. ஜெர்மனி 2023ஐ நடுவர்களின் ஆண்டாக அறிவித்தது. ஆட்டம் சூடானால் நடுவர் கைகளைக் குறுக்கே உயர்த்தி, இரு அணிகளையும் அவரவர் பெனால்டி பகுதிக்கு அனுப்பி ஆறவைக்கும் முறையை 2024-25 பருவத்தில் நாடெங்கும் கொண்டுவந்தது. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2025 மார்ச் 1 முதல், நடுவரை வசைபாடுவதற்கும் தாக்குவதற்கும் குறைந்தபட்சத் தண்டனைகளை நாடு முழுவதற்கும் ஒன்றாக நிர்ணயித்தது. 18 வயதுக்குக் குறைந்த நடுவரிடம் அத்துமீறினால் தண்டனை கூடும்.

வரவேற்க வேண்டியவைதான் எல்லாம். ஆனால் இவை எல்லாமே காரியம் கெட்ட பிறகு வருபவை. தண்டனை கிடைக்க வேண்டுமானால் அறிக்கை வேண்டும். அறிக்கையை எழுத வேண்டியவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போன அதே பதினான்கு வயதுப் பெண்தான். அடுத்த வாரம் அதே கிளப்பின் இன்னொரு ஆட்டத்துக்கும் அவளைத்தான் அனுப்புவார்கள். புதியவர்களைச் சேர்க்க விளம்பரம் செய்வதும் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். சேர்ந்தவர்கள் முதல் பருவத்தைத் தாண்டுவதற்கு வேண்டியது, பெருந்தொற்று கொண்டுபோன அந்த அறுபது வயதுக்காரர். ஓட முடியாமல் ஒதுங்கிய மூத்த நடுவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். ஆட்டத்துக்கு ஒரு கூலி கொடுத்து, கோட்டோரம் பெற்றோர் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டு, கத்துபவரை எழுப்பி வெளியே அனுப்பும் அதிகாரத்தையும் கையில் கொடுத்துவிட்டால் போதும். கேமராவுக்குச் செலவிடுவதற்கு முன்னால் சங்கங்கள் அதற்குச் செலவிட வேண்டும்.